பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கி: மட்டக்களப்பில் இருந்து தொடங்குபவர்களுக்கு

2024 பரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுப் டிகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு நின்று சுட்ட படம் கல்லடியிலும் கல்முனையிலும் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றியது. கலப்பு இரட்டையரில் அவருக்கு வெள்ளிப் பதக்கம். அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையைப் பையில் விட்டது பகட்டுக்காக அல்ல. சும்மா தொங்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும். அதை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் வழி அது.

இங்கே பேசப்போவது பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியைப் பற்றி மட்டும். வெடிமருந்தில் இயங்கும் கைத்துப்பாக்கிப் போட்டிகளும் உண்டு. புதியவர்கள் அந்தப் பக்கம் இப்போதைக்குப் பார்க்கவே வேண்டாம்.

முதல் படி: அனுமதி

நம் நாட்டில் சுடுகலன்களுக்கான கட்டளைச் சட்டம் 1916இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. காற்றுத் துப்பாக்கிதானே, விளையாட்டுச் சாமான்தானே என்று நினைத்து இணையத்தில் வரவழைக்காதீர்கள். உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தேசிய துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தோடு தொடர்புகொண்டு, எந்தக் கழகத்தில் சேரலாம், எந்தப் பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் மாவட்டங்களுக்கே உரியது. துப்பாக்கி வடிவத்தில் எதைக் கண்டாலும் பதறும் தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பதறுவதற்கு அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. ஆகவே வேலிக்கு அப்பால் தெரியும்படி முற்றத்தில் நின்று குறி பார்ப்பது, கையில் பிடித்துப் படம் எடுத்து முகநூலில் போடுவது, இரண்டும் வேண்டாம். எங்கே கொண்டுபோனாலும் பூட்டிய பெட்டிக்குள், பத்திரங்களோடு கொண்டுபோங்கள்.

இரண்டாம் படி: துப்பாக்கி இல்லாமல் தொடங்குதல்

போட்டித் துப்பாக்கியின் எடை பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். விதிப்படி 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. அதை ஒரே கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, கழுத்தைப் பிடித்துத் தோள் உயரத்துக்கு நீட்டுங்கள். முழங்கை மடியக்கூடாது. பதினைந்து விநாடி பிடித்து, இறக்கி, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி தூக்குங்கள். தோள் வலித்தால் அன்றைக்கு அதோடு போதும்.

அது பழகியதும், போத்தலைப் பிடித்தபடியே ஆட்காட்டி விரலை மட்டும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். மற்ற விரல்களைக் கவனியுங்கள். அவையும் சேர்ந்து இறுகுகின்றனவா? முதலில் எல்லாருக்கும் இறுகும். விசையை அழுத்தும் விரல் தனியாகவும், பிடிக்கும் விரல்கள் தனியாகவும் வேலை செய்யும் வரை விடாதீர்கள்.

கூடவே, உங்கள் ஆதிக்கக் கண் எது, அதாவது குறி பார்க்கும்போது இரண்டில் முந்திக்கொள்ளும் கண் எது என்று பாருங்கள். இரு கைகளையும் நீட்டிச் சேர்த்து நடுவே சிறு துவாரம் விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் நிற்கிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் அமைந்தால் கவலை வேண்டாம். தலையைச் சற்றுத் திருப்பியோ பிடியின் கோணத்தை மாற்றியோ சமாளிக்கலாம். மற்றக் கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகத் தசை களைத்துவிடும். 30 மில்லிமீற்றர் அகலம் வரை ஒரு மறைப்பு வைக்க விதியே இடம் தருகிறது.

மூன்றாம் படி: கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கை நடுங்குகிறதே என்பதுதான் அவர்களுடைய கவலையெல்லாம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். சன்னத்தின் விட்டம் 4.5. கோட்டைத் தொட்டாலே புள்ளி உண்டு என்பதால், நடுவிலிருந்து 8 மில்லிமீற்றர் தள்ளிப் பட்டாலும் பத்துதான். கை முழுவதும் 5 மில்லிமீற்றர் மேலும் கீழும் மிதந்தால் சன்னமும் 5 மில்லிமீற்றர்தான் விலகும். பத்துக்கு அதனால் கேடில்லை.

ஆனால் முன்குறி (குழல் முனையில் நிற்கும் சிறு மேடு) பின்குறியின் (கண்ணுக்குப் பக்கமாக இருக்கும் தகட்டின்) பள்ளத்துக்குள் ஒரே ஒரு மில்லிமீற்றர் ஒதுங்கட்டும். இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர். பத்து மீற்றர் போய்ச் சேரும்போது அந்த ஒரு மில்லிமீற்றர் 31 மில்லிமீற்றராகப் பெருகிவிடும். பத்துக்குப் போக வேண்டியது ஏழில் போய் விழும். புள்ளியைக் கெடுப்பது பெரும்பாலும் கை நடுக்கம் அல்ல; நடுக்கத்துக்குப் பயந்து, குறி நடுவே வரும் கணத்தில் விசையைச் சட்டென்று இழுப்பதுதான்.

ஆகவே கண் முன்குறியில் நிற்கட்டும். முன்குறியின் விளிம்பு கத்தி போலக் கூர்மையாகத் தெரிய வேண்டும். அட்டையின் கருவட்டம் மங்கித்தான் தெரியும், தெரியட்டும். முன்குறியின் இரு பக்கமும் ஒளிக்கீற்று சமமாக இருக்கிறதா, மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

நான்காம் படி: துப்பாக்கியைத் தெரிவு செய்தல்

ஸ்டெயர், வால்தர், மொரினி, பைன்வெர்க்பாவ், பார்டினி என்று தயாரிப்பாளர்களின் பெயர்களை அடுக்கி விவாதிப்பவர்கள் உண்டு. எல்லாமே உங்களையும் என்னையும் விடத் துல்லியமானவை. முதலில் பார்க்க வேண்டியது பிடி. கழகத்தில் இருப்பதைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, இலக்கு நோக்கித் தூக்கிக் கண்ணைத் திறங்கள். முன்குறி தானாகவே பள்ளத்தின் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஒதுங்கினால் அந்தப் பிடி உங்களுடையதல்ல. மரப்பிடியை அராவலாம், மரப்பசை வைத்து நிரப்பலாம், அளவு மாற்றலாம். மணிக்கட்டை வளைத்துச் சமாளிக்க மட்டும் பழகிவிடாதீர்கள்.

விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. இயந்திர விசை, மின்னணு விசை என்று இருவகை உண்டு. இந்திய வீராங்கனை மனு பாக்கருக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவிலேயே துப்பாக்கி பழுதாகி நேரம் போனது. இறுதிச் சுற்றும் கைநழுவியது. பரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது வேறு கதை. பழுது பார்ப்பவர் பக்கத்தில் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இயந்திர விசையே போதும் என்பது என் கருத்து.

இன்றைய போட்டித் துப்பாக்கிகள் அழுத்திய காற்றில் இயங்குபவை. உருளையில் பெரும்பாலும் 200 பார் அழுத்தம். இதில் நமக்கு ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது. 1942இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கச் சுழியோடிகள் வருவதால், அவர்களுக்குக் காற்று நிரப்பிக் கொடுப்பவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். சரியான இணைப்பு இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். காற்று மட்டுமே நிரப்ப வேண்டும். ஒட்சிசன் ஒருபோதும் கூடாது. உருளையில் பொறித்திருக்கும் காலாவதி ஆண்டையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: பயிற்சி

முதல் சில வாரங்கள் வெற்றுச் சுவரே உங்கள் இலக்கு. சன்னம் போடாமல், அதற்கென உள்ள பயிற்சி நிலையில் விசையை வைத்து, வெள்ளைச் சுவரை நோக்கி அழுத்துங்கள். விசை விழும் கணத்தில் முன்குறி துள்ளியதா? துள்ளாத அழுத்தல்தான் நல்ல அழுத்தல். விசை விழுந்த பிறகும் ஒரு விநாடி அப்படியே நில்லுங்கள்.

கழகத்தின் சுடுதளத்தில் சன்னத்தோடு சுடும்போது, குழல் வாய் எப்போதும் இலக்குப் பக்கம், விரல் விசைக்கு வெளியே, ஓய்வில் குழலுக்குள் சன்னம் இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கயிறு. மேசையில் வைத்துவிட்டு யாரோடும் பேசத் திரும்பாதீர்கள். சன்னம் ஈயம் என்பதால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தேநீரைத் தொடுங்கள்.

அட்டையைப் படிக்கவும் பழகுங்கள். வலக்கைக்காரருக்குத் துளைகள் கீழே இடப்பக்கம் குவிந்தால் விசையை இழுக்கிறார் என்று பொருள். குறியைத் திருகித் திருத்தாதீர்கள், விரலைத் திருத்துங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கும். ஒரு துவாலை பக்கத்தில் இருக்கட்டும். வாடைக்காற்றுக் காலத்தில் உப்பும் ஈரமும் இரும்பைத் தின்னும். கடற்கரையோரம் இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

ஆறாம் படி: போட்டிக்குத் தயாராதல்

மின்னணு இலக்கில் 75 நிமிடங்களில் 60 சூடுகள். அதற்கு முன் ஆயத்தத்துக்கும் ஒத்திகைச் சூடுகளுக்கும் 15 நிமிடம். 2018இலிருந்து பெண்களுக்கும் இதே எண்ணிக்கைதான். ஒரு சூட்டுக்கு ஒன்றேகால் நிமிடம் கிடைக்கிறது, அவசரம் எதுவும் இல்லை. கையைத் தூக்கி எட்டு விநாடிக்குள் விசை விழவில்லையென்றால் சுடாமல் இறக்கிவிடுங்கள். பயிற்சியிலேயே இதை வேண்டுமென்று செய்து பாருங்கள்: ஐந்து முறை தூக்கினால் ஒரு முறை சுடாமல் இறக்குங்கள். போட்டி நாளில் அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் பதினைந்தாவது விநாடியில், கண் மங்கிய பிறகு சுட்டுவிட்டு ஆறு புள்ளியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

காலணி தட்டையாக, கணுக்காலை மூடாததாக இருக்க வேண்டும். போட்டிகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான். இரவு முழுக்கப் பயணம் செய்து காலையில் நேரே சுடுதளத்துக்குப் போனால் கை தன் வேலையைக் காட்டிவிடும். முதல் நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தூங்குங்கள்.