குதிரைக்கு மூட்டுப் பவுடர் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? புதிதாக வளர்ப்பவர்களுக்கு

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால், எங்கள் வீட்டிலிருந்து போகும் பட்டியலில் சொக்கலேற்றுக்கு முன்னால் குதிரையின் மூட்டுப் பவுடர்தான் இருக்கும். நான் வளர்ப்பது ஒரு பெண் குதிரை, நுவரெலியாவில் பந்தய ஓட்டத்தை விட்டு வந்தது, இப்போது 17 வயது. அவளுக்காக வாங்கிய முதல் இரண்டு டப்பாவிலும் எந்தப் பலனும் இல்லை. பவுடரைக் குறை சொல்ல வரவில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது, சொல்லித்தர ஆளும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மாட்டைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேர் வருவார்கள், குதிரையைப் பற்றிக் கேட்டால் ஒருவர் கிடைப்பதே அரிது. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

முதல் படி: நோ எங்கே என்று பாருங்கள்

வெள்ளென, வெயில் ஏற முதல், கொட்டிலிலிருந்து குதிரையை வெளியே நடத்துங்கள். முதல் சில நிமிடம் கால் விறைத்து, கொஞ்சம் நடந்ததும் இளகினால் மூட்டுத் தேய்வாக இருக்க இடமுண்டு. அப்புறம் ஒருவரைக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடச் சொல்லி, இறுகிய சமதரையில் நேராக உங்களை நோக்கி வர வையுங்கள். முன்காலில் நோ என்றால், நோகிற கால் நிலத்தில் பதியும்போது தலை மேலே போகும், நல்ல கால் பதியும்போது கீழே இறங்கும். பின்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள், ஒரு பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும்.

காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது, மூட்டு வீங்கிச் சுடுகிறது, பக்கத்தில் காயம் இருக்கிறது என்றால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம், உடனே கால்நடை வைத்தியரை அழையுங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்தால் மணித்தியாலக் கணக்கில் கெட்டுப்போகும், அதற்குப் பவுடர் எதுவும் செய்யாது.

இரண்டாவது படி: தீனியைப் பாருங்கள்

இதைத்தான் நான் தவறவிட்டேன், இங்கே பலரும் தவறவிடுவது இதுதான் என்று நினைக்கிறேன். நம் ஊரில் மாடு வளர்த்த கைதான் குதிரையையும் வளர்க்கிறது. அதனால் தவிடு, புண்ணாக்கு, வெட்டிப்போட்ட கோ-3 புல், இதுதான் சாப்பாடு. நானும் காலையில் 2 கிலோ, மாலையில் 2 கிலோ அரிசித் தவிடு கொடுத்தேன், மினுமினுப்பாக இருந்தாள், சந்தோஷமாக இருந்தது.

குதிரையின் தீனியில் ஒரு பங்கு பொசுபரசுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கல்சியம் இருக்க வேண்டும். அரிசித் தவிட்டில் இது தலைகீழ், கல்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பொசுபரசு. அதோடு கோ-3 நேப்பியர் இனத்துப் புல், அதில் ஒக்சலேற்று என்ற உப்பு கூடுதல், அது புல்லில் இருக்கிற கொஞ்சக் கல்சியத்தையும் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த ஒக்சலேற்றை உடைத்துவிடும், அதனால் மாடு தப்பிக்கொள்ளும். குதிரையோ கல்சியத்தைச் சிறுகுடலில் எடுக்கிறது, நுண்ணுயிர்கள் இருப்பது அதற்குப் பின்னால் பெருங்குடலில், அங்கே போய் உடைந்தும் பயனில்லை. இரத்தத்தில் கல்சியம் குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடு செய்யும். கனநாள் இப்படிப் போனால் முகத்தெலும்பு வீங்கித் தலை பெருத்துவிடும். அதற்கு முன்னரே நடை குறுகும், விறைக்கும், இன்று ஒரு கால் நாளை இன்னொரு கால் என்று நொண்டல் இடம் மாறும். பார்ப்பவருக்கு மூட்டு வாதம் போலவே தெரியும்.

இன்னொன்று, உடம்பு எலும்பைக் கரைத்து இரத்தத்தைச் சமப்படுத்திவிடுவதால் இரத்தப் பரிசோதனையில் கல்சியம் சரி என்றே வரலாம். ஆகவே வைத்தியரிடம் போகும்போது குதிரை ஒரு நாளில் என்னென்ன, எத்தனை கிலோ தின்கிறது என்பதை எழுதிக்கொண்டு போங்கள்.

தவிட்டை ஒரேயடியாக நிறுத்தினால் வயிறு கெடும், பத்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள். கோ-3 மட்டும் போடாமல் தரவைப் புல், வேறு கலப்புப் புல் சேருங்கள். தீனிக்கென்று விற்கும் கல்சியம் காபனேற்றை வைத்தியர் சொல்லும் அளவில் கலவுங்கள். இதைச் செய்து மூன்று மாதத்தில் என் குதிரை எடுத்து வைக்கும் அடி நீண்டது, அந்த நேரம் பவுடர் எதுவும் கொடுக்கவில்லை.

தீனி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: வேலியில் நிற்கிற சீமைக்கிளுவைக் குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் சரி, குதிரைக்கு வேண்டாம், அது நஞ்சு. இபில்-இபில் மரக் குழை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். கோழித்தீனி, மாட்டுத்தீனி மூட்டைகள் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும், அது குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது படி: குளம்பு, நிறை, நடை

குளம்பை 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை சீவ வேண்டும். முன்பக்கம் நீண்ட குளம்போடு நடக்கிற குதிரைக்கு ஒவ்வொரு அடியிலும் மூட்டும் நாணும் இழுபடும். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர் கைதேர்ந்தவராக இருக்கலாம், ஆனால் குதிரைக் குளம்பு பிளவில்லாத ஒற்றைக் குளம்பு, அதன் அளவே வேறு. பழகியவரைத் தேடிப் பிடியுங்கள்.

தராசு இல்லாமல் நிறை பார்க்க ஒரு தையல் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள், தோள் முனையிலிருந்து பின்புறம் இருப்பெலும்பு முனை வரை நீளத்தை எடுங்கள், இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ வரும். என் குதிரைக்குச் சுற்று 180, நீளம் 160, ஆக 436 கிலோ. சுற்று 145, நீளம் 135 உள்ள சின்னக் குதிரை என்றால் 239. இந்த எண்ணைக் கொப்பியில் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். விலாவைத் தடவினால் எலும்பு கையில் பட வேண்டும், படாவிட்டால் முதலில் நிறையைக் குறையுங்கள்.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போயிருந்தால் அங்கே குதிரைகள் வெட்டவெளியில் மேய்ந்தபடியே திரிவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் மாமரத்தின் கீழ் கட்டி வைக்கிறோம். மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக்குழாய் கிடையாது, நடக்கும்போது அது அமுங்கி விரிந்துதான் மூட்டு நீரிலிருந்து சத்தை எடுக்கிறது. கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு நாளும் நடத்துங்கள். தார் றோட்டில் ஓட்ட வேண்டாம், கால் புதையும் மணலிலும் வேண்டாம்.

நான்காவது படி: டப்பாவுக்குள் என்ன

மூட்டுப் பவுடரில் போடுகிற குளுக்கோசமைனும் கொண்ட்ரோயிற்றினும் குருத்தெலும்பில் இருக்கிற பொருள்கள்தான். ஆனால் குதிரை விழுங்குகிற குளுக்கோசமைனில் இரத்தத்துக்குப் போவது நூற்றுக்கு ஆறு பங்கோ அதற்கும் குறைவோதான். 2014 இல் வெளியான ஓர் ஆய்வில் வயது போன குதிரைகள் 24ஐ எடுத்து, ஒரு பகுதிக்கு இந்தக் கலவையையும் மற்றப் பகுதிக்கு வெறும் கலவையையும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், நடையில் முன்னேற்றம் தெரியவில்லை. பலன் கண்டதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. என் எண்ணம், முதல் மூன்று படியையும் முடித்த பிறகு சோதித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எம்.எஸ்.எம். கந்தகம் உள்ள பொருள், 500 கிலோக் குதிரைக்கு 10 முதல் 20 கிராம் என்று போடுவார்கள். ஒமேகா-3 கொழுப்பு அழற்சியைத் தணிக்கும், மீன் எண்ணெயில் இருக்கிற வகை நேரடியாக வேலை செய்யும், ஆனால் வாடைக்குப் பல குதிரை முகம் திருப்பும். பச்சைப் புல் நிறையத் தின்கிற குதிரைக்கு ஓரளவு ஒமேகா-3 ஏற்கனவே போகிறது. மஞ்சள் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பீர்கள், அது குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும், அதை நம்பி இருக்காதீர்கள். டெவில்ஸ் குளோ என்ற மூலிகை இருந்தால் சினைக் குதிரைக்குக் கொடுக்கக் கூடாது, வயிற்றுப்புண் உள்ளதற்கும் கூடாது, வைத்தியர் தந்த நோமருந்தோடு சேர்க்கவும் கூடாது.

ஐந்தாவது படி: லேபிளில் கிராமைத் தேடுங்கள்

முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு கரண்டியில் ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ‘சிறப்புக் கலவை’ என்று ஒரே எண்ணைப் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். தயாரித்தவர் பெயர், தொகுதி எண், முடியும் திகதி மூன்றும் வேண்டும். 2006 இல் குதிரைகளுக்கென்று விற்ற 23 தயாரிப்புகளைச் சோதித்தபோது 9 இல், லேபிளில் சொன்னதை விடக் குளுக்கோசமைன் குறைவாக இருந்தது.

இப்போது கொப்பியில் உள்ள நிறையை எடுங்கள். 500 கிலோவுக்கு 10 கிராம் குளுக்கோசமைன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, ஆக 436 கிலோவுக்கு 8.7 கிராம். 30 கிராம் கரண்டியில் 5 கிராம் இருக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு கரண்டி. 1 கிலோ டப்பா 16 நாளில் முடிந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஐந்தரைக் கிலோ வேண்டும். மாமா பயணப்பெட்டியில் கொண்டுவருகிற ஒரு டப்பாவை இரண்டு மாதத்துக்கு இழுத்துக் கொடுத்தால் குதிரைக்குப் போவது கால் பங்குதான். என் முதல் இரண்டு டப்பாவும் அப்படித்தான் போனது. பாமசியில் வாங்குகிற மனிதர் குளிசை 500 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 17 குளிசை, கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆறாவது படி: கொடுத்துப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். முதல் ஐந்து நாள் அரை அளவு, ஈரமான தீனியில் பிசைந்து. மாரியில் பவுடர் கட்டிபடும், இறுக்கி மூடுங்கள், தகரக் கூரைக்குக் கீழே சூட்டில் வைக்காதீர்கள். தொடங்குவதற்கு முதல் நாளும், பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறையும், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் குதிரை நடப்பதையும் ஓடுவதையும் போனில் எடுங்கள். 12 கிழமை முடிந்ததும் ஒரு மாதம் நிறுத்தி, அப்போதும் எடுங்கள்.

பிறகு அந்த வீடியோக்களைத் திகதி சொல்லாமல் வேறொருவரிடம் காட்டுங்கள், ஆசை கண்ணை மறைக்கும் என்பதால் சொல்கிறேன். நான் காட்டியது மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்கு மாடு வளர்க்கும் ஒரு அண்ணாவிடம், சவாரி முடிந்ததும் மாட்டின் காலைத் தடவியே நோவைச் சொல்லக்கூடியவர். பவுடர் கொடுத்த கிழமையையும் நிறுத்திய கிழமையையும் அவரால் பிரிக்க முடியவில்லை. ஆனால் தவிட்டைக் குறைப்பதற்கு முன் எடுத்த பழைய வீடியோவைப் பார்த்ததும், “இது வேற குதிரையோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு குளுக்கோசமைனை விட்டுவிட்டேன், கல்சியமும் குளம்பு சீவலும் காலை நடையும் தொடர்கின்றன.