புறாத்தீவுப் படகுக்கு ஒரு பதிவுப் பக்கம்: கடைசித் திரையிலிருந்து தொடங்குவோம்

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் படகு விடும் அண்ணா ஒருவர், அங்கிருந்து கடலில் தெரியும் புறாத்தீவுக்குப் போகிறவர்கள் போனிலேயே இடம் பதிய ஒரு பக்கம் கேட்டார். செய்து கொடுத்தேன். பதிவும் ஒழுங்காக நடந்தது. ஆனால் பதிந்த கையோடு பலர் அவருக்குப் போன் எடுத்து, "அண்ணா, இடம் கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். அதைத் திருத்தப் போய்த்தான் மனித நினைவு எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். தாளும் பேனையும் போதும்.

படி 1: கோடு போடுங்கள்

இடம் பதிகிறவர் ஒவ்வொன்றாகச் செய்வது இவை: பக்கத்தைத் திறப்பது, நாள், ஆட்கள், போன் இலக்கம், உறுதி செய்வது. இவற்றை ஒரு கோட்டில் வரிசையாக எழுதுங்கள். மனம் நிம்மதியாகும் இடத்தில் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி, குழம்பும் இடத்தில் கீழே ஒரு புள்ளி.

படி 2: முடிவை முதலில் திருத்துங்கள்

1993 இல் உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கையை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி வைக்க வேண்டும். மற்றக் கையையும் அப்படியே 60 விநாடி வைத்து, மேலும் 30 விநாடி எடுக்காமல் இருக்க வேண்டும். அந்த 30 விநாடியில் நீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தார்கள். வலி கூடுதல் நேரம்தான், ஆனால் முடிவில் வலி சற்றுக் குறைந்திருந்தது. நினைவு நேரத்தை அளப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும்தான் பிடித்து வைக்கிறது. திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்து வந்தவரைக் கேளுங்கள். எத்தனை வாளி ஊற்றினார் என்று தெரியாது, சுரீரென்று சுட்ட அந்த ஒரு வாளியைச் சொல்வார்.

என் கடைசித் திரையில் இருந்தது "படிவம் சமர்ப்பிக்கப்பட்டது" என்ற ஒரே வரி. அதை இப்படி மாற்றினேன்: "உங்களுக்கு இடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை 7 மணிக்கு நிலாவெளிக் கரைக்கு வாருங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள். கடல் சரியில்லை என்றால் முதல்நாளே சொல்லிவிடுவோம்." கீழே அண்ணாவின் படகுப் படம். அப்புறம் அந்தப் போன்கள் வெகுவாகக் குறைந்தன.

படி 3: எதையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்

உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956 இல் "ஏழு" என்ற எண்ணைப் பற்றி எழுதிய கட்டுரையைக் காட்டி, மெனுவில் ஏழுக்கு மேல் வைக்கக்கூடாது என்பார்கள். அது தவறான புரிதல். அவர் பேசியது உடனடி நினைவில் தாங்கும் அளவைப் பற்றி. மெனுவோ கண் முன்னாலேயே இருக்கிறது. நமக்கு வேண்டிய பாடம் வேறு: முதல் திரையில் தேர்ந்த நாள் அடுத்தடுத்த திரைகளிலும் மேலே தெரிய வேண்டும்.

படி 4: ஒன்றை மட்டும் தனித்துக் காட்டுங்கள்

ஒரே மாதிரியானவற்றுக்கு நடுவே வேறுபட்டது நினைவில் தங்கும் என்று 1933 இலேயே உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் காட்டினார். ஒரு திரைக்கு ஒரே ஒரு நிறப் பட்டன். இல்லாத அவசரத்தைக் காட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். பத்து இடம் இருக்கும்போது "இன்னும் 2 இடம்தான்" என்று சிவப்பில் போடுவது பொய். அந்தப் பொய்யும் நினைவில் நிற்கும்.

படி 5: மூன்று நாள் கழித்துக் கேளுங்கள்

வீட்டில் ஒருவரிடம் போனைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து உதவ வேண்டாம். மூன்றாம் நாள், திரையைக் காட்டாமல், என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். என் சின்னம்மா "ஏழு மணி, தொப்பி" என்று உடனே சொன்னார். "காசு இப்பவா, கரையிலயா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அன்றிரவே அந்த வரியையும் கடைசித் திரையில் சேர்த்தேன்.