‘இதுவும் கலைதான்’ என்று சொல்லப்படும்போது: இன இழிவுப் படங்களை எடைபோடும் முறை

ஓர் இனத்தாரை இழிவாகக் காட்டும் ஓவியமோ சிற்பமோ கேலிச்சித்திரமோ எதிர்ப்புக்கு உள்ளாகும்போது, ‘இது கலை’ என்ற பதில் முதலில் வந்து விழுகிறது. ‘இது இனவெறி’ என்ற மறுப்பும் அதே வேகத்தில் வருகிறது. இரண்டுமே விவாதத்தை முடித்துவைப்பதற்காகச் சொல்லப்படுபவை. கலை என்பது ஒரு பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். மோசமான கலையும் கலைதான், திறமையாகச் செய்யப்பட்ட கொடிய கலையும் கலைதான். ஆகவே எடைபோட உட்காருகிறவர் அது கலையா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இழிவான உருவத்தைக் கொண்டு படைப்பு என்ன செய்கிறது? இந்த இடத்தில், இவர்கள் கண்முன்னே, அது இருக்கத்தான் வேண்டுமா? படைப்பாளி அந்த உருவத்தை நியாயமாகவே கையாண்டிருக்கிறார், ஆனாலும் அது அங்கே இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வர இடமுண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பல சண்டைகள் எங்கும் போய்ச் சேராமல் நிற்கின்றன.

முதல் வேலை, படைப்பை முழுதாகப் பார்ப்பது. பரவிவரும் ஒரு துண்டுப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2012 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமின் மாடர்னா மியூசியத் அருங்காட்சியகத்தில், கறுப்பினப் பெண்ணின் உடல் வடிவில் செய்யப்பட்ட கேக்கை ஸ்வீடன் நாட்டுப் பண்பாட்டு அமைச்சர் லேனா அடெல்சோன் லில்யெரோத் வெட்ட, சுற்றி நின்றவர்கள் சிரிக்கும் காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தப் படத்தில் எளிதில் புலப்படாதவை சில உண்டு. கேக்கின் தலையாக இருந்தது, மேசைத் துளையின் வழியே நீட்டப்பட்டுக் கருஞ்சாயம் பூசப்பட்ட, உயிருள்ள ஒரு மனிதரின் தலை. ஒவ்வொரு வெட்டுக்கும் அது அலறியது. அந்தத் தலைக்கு உரியவர்தான் படைப்பைச் செய்த மகோடே லிண்டே; ஆப்பிரிக்க வழிவந்த ஸ்வீடன்காரர். படைப்பின் பொருளோ பெண்ணுறுப்புச் சிதைப்புக் கொடுமை. இவ்வளவும் தெரிந்தபின், வெள்ளையர்கள் கூடிக் கேலி செய்து விளையாடினார்கள் என்ற முதல் எண்ணம் நிற்காது. அதனால் படைப்பு குற்றமற்றதாகி விடுவதுமில்லை. அலறலைக் கேட்டும் சிரித்தவர்களை அது அம்பலப்படுத்தியது உண்மை. அந்தக் கொடுமைக்கு ஆளான பெண்களை அது வெறும் கருவியாக்கிக்கொண்டது என்பதும், என் பார்வையில், உண்மையே. படைப்பாளியின் நிறம் அவருடைய நோக்கத்தைப் புரிந்துகொள்ள உதவும். அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்றக் கூடாது.

அடுத்து, அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். அமெரிக்காவில் 1830-களில் தாமஸ் ரைஸ் போன்ற வெள்ளை நடிகர்கள், எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கோமாளிகளாக நடித்துக் காட்டினார்கள். பருத்த உதடு, உருண்ட வெண்விழி, அசட்டுச் சிரிப்பு ஆகியவை மின்ஸ்ட்ரல் என்றழைக்கப்பட்ட அந்த மேடையில்தான் மாறாத அச்சாக இறுகின. ரைஸ் ஏற்ற ஜிம் குரோ என்ற பாத்திரத்தின் பெயர் பின்னாளில் இன ஒதுக்கல் சட்டங்களுக்கே வழங்கலாயிற்று. எசமானின் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே மகிழ்ந்துகிடப்பவளாகக் காட்டப்பட்ட, தலைத்துணி கட்டிய பருத்த பணிப்பெண் உருவமும் இதே வழியில் வந்ததுதான். ஆன்ட் ஜெமைமா என்ற பெயரில் அது பான்கேக் மாவுப் பெட்டியில் ஏறி, காலத்துக்கேற்ப முகத்தை மாற்றிக்கொண்டு, 2020-இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் கைவிடுவதாக அறிவிக்கும்வரை 130 ஆண்டுகளுக்கு மேல் கடை அடுக்குகளில் இருந்தது. வரைந்த உதட்டின் அளவு ஏன் இத்தனை கோபத்தைக் கிளப்புகிறது என்பது இந்தக் கதை தெரியாதவருக்கு விளங்காது. நிறத்தைக் கேலிப்பொருளாக்கிச் சிரித்துப் பழகிய நம் திரைப்பட ரசிகர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடாமல் இருப்பது நல்லது.

இனிதான் கடினமான பகுதி. பழைய உருவத்தைப் படைப்பு வெறுமனே திரும்பச் சொல்கிறதா, அல்லது அதைப் புரட்டிப்போடுகிறதா என்று பார்க்க வேண்டும். 1972-இல் பெட்டி சார் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் செய்த ‘ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை’ இதற்குச் சரியான பாடம். ஏறக்குறைய ஓரடி உயரமுள்ள ஒரு பெட்டி. உட்புறச் சுவர் முழுக்க அந்தப் பான்கேக் மாவின் விளம்பர முகமே வரிசை வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். நடுவே, குறிப்புத்தாள் செருகிவைக்கச் சந்தையில் விற்ற பணிப்பெண் பொம்மை நிற்கும். ஒரு கையில் துடைப்பம், மறுகையில் துப்பாக்கி. தாள் இருக்கவேண்டிய வயிற்றுப் பகுதியில், அழும் குழந்தையை இடுப்பில் ஏந்திய இன்னொரு பணிப்பெண்ணின் படமும், அதன்மேல் எழுந்து நிற்கும் ஒரு கறுப்புக் கைமுட்டியும் இருக்கும். காலடியில் பஞ்சு. இழிவுபடுத்துவதற்காகவே செய்யப்பட்ட பொம்மையை, கிட்டத்தட்ட எதையும் மறைக்காமல், செய்தவரை நோக்கியே அவர் திருப்பிவிட்டார்.

இங்கே ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். இழிவான கூறை மனத்துக்குள் நீக்கிவிட்டு, மீதி என்ன என்று பாருங்கள். சாரின் பெட்டியிலிருந்து பொம்மையை எடுத்துவிட்டால் படைப்பே இல்லை. 2018-இல் மெல்போர்னின் ஹெரால்ட் சன் நாளேட்டில் மார்க் நைட் வரைந்த செரீனா வில்லியம்ஸ் கேலிச்சித்திரத்துக்கு இதே சோதனையை வையுங்கள். நடுவரோடு சண்டையிட்டு மட்டையை உடைத்த ஆட்டக்காரரைக் குழந்தைபோல் அடம்பிடிப்பவராகக் காட்டுவதே அதன் நகைச்சுவை. பருத்த உதடும் மிருகத்தனமான உடலும் இல்லாமலேயே அந்த நகைச்சுவை முழுதாக நிற்கும். ஆகவே, அவை அங்கே எந்த வேலையும் செய்யவில்லை, பழைய மேடையிலிருந்து வெறுமனே வந்து ஒட்டிக்கொண்டவை. ஆஸ்திரேலியப் பத்திரிகை மன்றம் 2019-இல் அதில் விதிமீறல் இல்லை என்றது. விதிமீறல் இல்லாதிருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை மட்டும் நம்பி நின்றுவிடக் கூடாது. ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர் நடத்திய டெர் ஸ்ட்யூர்மர் என்ற நாஜி ஏட்டின் யூத எதிர்ப்புப் படங்களிலிருந்து இழிவை நீக்கினாலும் எதுவும் மிஞ்சாது. இழிவு இன்றியமையாதது என்று தெரிந்தபின், அது யாரை நோக்கி நீட்டப்படுகிறது என்று கேட்க வேண்டும். சாரின் துப்பாக்கி விற்றவனையும் வாங்கியவனையும் குறிவைக்கிறது; ஸ்ட்ரைக்கரின் படங்கள் அப்போதே வேட்டையாடப்பட்டவர்களைக் குறிவைத்தன.

குறி எங்கே என்பது எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. கறுப்பினப் பெண் கலைஞரான காரா வாக்கர் கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டும் நிழலுருவங்களில் அடிமைக்காலத்தின் பாலியல் வன்முறையும் அருவருப்பும் நேராகவே வருகின்றன. அவற்றில் பலியானவர்களும் புனிதர்களாக வருவதில்லை. 1997-இல் 27 வயதில் அவருக்கு மெக்கார்தர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க நல்கை கிடைத்தபோது, அவருக்கு எதிராகக் கடிதம் எழுதி ஆதரவு திரட்டியவர் அதே பெட்டி சார். வெள்ளையர் நிரம்பிய கலையுலகை மகிழ்விக்கவே இந்த உருவங்கள் மறுபடி உலவுகின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. இழிவுருவத்தைத் தானே எடுத்தாண்ட ஒருவர் இன்னொருவர் எடுத்தாள்வதை எதிர்ப்பதில் முரண் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். நான் அப்படிக் கருதவில்லை. சாரின் கேள்வி பார்வையாளரைப் பற்றியது, அது செல்லுபடியாகும் கேள்வி. 2014-இல் புரூக்ளினின் பழைய டோமினோ சர்க்கரை ஆலையில், வாக்கர் சர்க்கரை பூசிய பிரம்மாண்டமான ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம்) ஒன்றை அமைத்தார். முகம் அந்தத் தலைத்துணிப் பணிப்பெண்ணுடையது. அதன் நிர்வாண உடலருகே நின்று பலர் ஆபாசமான கோணங்களில் படமெடுத்துக்கொண்டார்கள். பார்வையாளர்களின் நடத்தையை வாக்கர் ஒளிப்பதிவு செய்துவைத்திருந்தார்; அதுவும் படைப்பின் பகுதியாயிற்று. ஆயினும், தன் மூதாதையரின் வரலாற்றைக் காண வந்து பக்கத்தில் நின்ற கறுப்பினப் பார்வையாளருக்கு அந்த ஒளிப்பதிவு எந்த ஆறுதலும் தந்திருக்காது. எனவே, படைப்பு பார்வையாளரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதோடு, உண்மையில் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

துயரம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. 1955-இல் மிசிசிப்பியில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் வெள்ளையரால் கொல்லப்பட்டபோது, சிதைந்த அவன் முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் செய்தவர் அவன் தாய் மேமி டில். அந்த முகத்தை வெள்ளையின ஓவியர் டேனா ஷுட்ஸ் வண்ணக் குழம்பாகத் தீட்டி, அது 2017-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டபோது, எதிர்ப்புத் தெரிவித்து ஒருவர் பிறர் பார்வையை மறைத்தபடி அதன்முன் நின்றார். இன்னொருவர் அதை அழிக்கவே கேட்டுத் திறந்த மடல் எழுதினார். ஓவியத்தில் கேலி இல்லை, இரக்கம் இருந்தது. என் கணக்கில் அது போதவில்லை. தாயின் முடிவு ஒரு சாட்சியம். ஓவியம் அதற்கு எதையும் கூட்டவில்லை. அதே சமயம் அழிக்கக் கோரியதையும் ஏற்க முடியாது. ஷுட்ஸ் அதை விற்பதில்லை என்று சொன்னதும், அருங்காட்சியகம் சர்ச்சையைக் குறிப்புப் பலகையில் எழுதிவைத்ததும் கிடைத்த வழிகளில் நல்லவை.

இப்போது இரண்டாவது கேள்வி: இடம். சான் பிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் விக்டர் அர்னாட்டாஃப் 1936-இல் முடித்த சுவரோவியத் தொடர் 13 பகுதிகள் கொண்டது. ரஷ்யப் பேரரசில் பிறந்து, மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவுக்கு உதவியாளராக இருந்து, பின்னர் கம்யூனிஸ்டானவர் அவர். நாட்டின் தந்தை எனப் போற்றப்பட்ட வாஷிங்டனின் தோட்டத்தில் கறுப்பின அடிமைகள் உழைப்பதையும், மேற்கு நோக்கிப் போகும் வெள்ளையர்கள் குப்புற விழுந்துகிடக்கும் பூர்வகுடி மனிதரின் உடலைத் தாண்டி நடப்பதையும், அரசுப் பணத்தில், அரசுப் பள்ளியின் சுவரிலேயே அவர் வரைந்துவிட்டார். முதல் கேள்வியில் இந்த ஓவியம் தடையின்றித் தேறும். இழிவு வரைந்தவரிடம் இல்லை, வரையப்பட்ட வரலாற்றில் இருக்கிறது.

ஆனால் பதினான்கு வயதுப் பூர்வகுடி மாணவி அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்கிப் போகவில்லை, வகுப்புக்குப் போகிறாள். தினமும் அந்தப் பிணத்தைக் கடந்துதான் போக வேண்டும். அவளுடைய இனத்தார் அந்தச் சுவரில் வேறெப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்ட அங்கே அதிகமில்லை. 1960-களிலேயே கறுப்பின மாணவர்கள் எதிர்த்தார்கள். அப்போது கிடைத்த பதில்தான் இந்த வரலாறு முழுவதிலும் எனக்குப் பிடித்தது: டூயி க்ரம்ப்ளர் என்ற இளம் கறுப்பின ஓவியர் 1974-இல், கறுப்பினத்தவரும் ஆசியரும் லத்தீன் அமெரிக்கரும் பூர்வகுடியினரும் தலைநிமிர்ந்து நிற்கும் மறுமொழி ஓவியங்களை அதே பள்ளியில் வரைந்தார். பழையதை அழிக்க வேண்டாம் என்று பின்னர் வாதாடியவரும் அவரே. 2019-இல் பள்ளி வாரியம் வண்ணம் பூசி அழிக்கத் தீர்மானித்து, சில வாரங்களில் பலகை கொண்டு மறைப்பதாக மாற்றிக்கொண்டது. முன்னாள் மாணவர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2021-இல் நீதிமன்றம் வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, 2022-இல் வாரியம் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. ஓவியம் தப்பியது. அந்த மாணவியின் குறை தீர்ந்ததா என்பது வேறு கணக்கு.

கட்டாயமாகப் பார்க்க நேர்கிறவர்கள் யார், விலகிப்போக அவர்களுக்கு வழி உண்டா, நிறுவுமுன் அவர்களிடம் கேட்டார்களா என்ற மூன்றையும் விசாரியுங்கள். மினியாபொலிஸின் வாக்கர் கலை மையம் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை. 1862-இல் மங்காட்டோவில் டக்கோட்டா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த 38 ஆண்களை ஒரே நாளில் தூக்கிலிட்ட மேடையை நினைவூட்டும் சாம் டுரன்ட்டின் மரக் கட்டுமானத்தை, டக்கோட்டா மண்ணிலேயே உள்ள சிற்பத் தோட்டத்தில் 2017-இல் அது நிறுத்தியது. அரசின் கொலைகளைக் கண்டிப்பதே அவர் நோக்கம். டக்கோட்டா மூத்தோர் பேசியபின் அவர் அதைப் பிரிக்கச் சம்மதித்ததோடு, படைப்பின் உரிமையையும் அவர்களுக்கே எழுதிக்கொடுத்தார். தணிக்கை என்று இதைச் சொல்வது பொருந்தாது. வற்புறுத்திய அரசு எதுவும் இங்கே இல்லை. சட்டத்தை இந்த வழிகாட்டியில் நான் அதிகம் தொடாததற்கும் காரணம் அதுதான்: வரையத் தடையில்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இத்தனை கேள்விகளும் எழுகின்றன.

முடிவு எடுக்கும்போது வைப்பதா அழிப்பதா என்று இரண்டாகக் குறுக்கிக்கொள்ளாதீர்கள். இடம் மாற்றலாம், குறிப்பு எழுதலாம், மறுமொழி ஓவியம் வரையச் சொல்லலாம், அந்த அறையின் பயனையே மாற்றலாம். லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தின் உணவகச் சுவரில் ரெக்ஸ் விஸ்லர் 1920-களில் தீட்டிய வேட்டைப் பயணக் காட்சியில், கறுப்பினக் குழந்தை ஒன்று கழுத்தில் கட்டுண்டு வண்டியின் பின்னே இழுபட்டுப் போகிறது. பல தலைமுறையினர் அதன் கீழே அமர்ந்து உணவருந்தினார்கள். இங்கே நீக்கல் சோதனையும் தேறாது, குறியும் தேறாது. ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அகற்றவும் முடியாது. 2020-க்குப் பின் உணவகம் மீண்டும் திறக்கப்படவில்லை. 2024-இல், விஸ்லரை ஒருவர் குறுக்கு விசாரணை செய்வதாக அமைந்த கீத் பைப்பரின் திரைப்படம் அதே அறையில் ஓடத் தொடங்கியது. ஓவியத்தைப் பார்க்க விரும்பியவர் அந்தக் கேள்விகளையும் கேட்டபடிதான் பார்க்க வேண்டியதாயிற்று.