பழைய ஃபைபர் போட்டை ரிப்பேர் பண்ணி பெயிண்ட் அடிக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் போட் துருப்பிடிக்காது, மரம் மாதிரி உளுத்துப் போகாது, அதனால அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்ம கரையில ஒரு நம்பிக்கை இருக்கு, எல்லா தப்பும் அங்கதான் ஆரம்பிக்குது. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரின்னு கரை முழுக்க ஃபைபர் போட் வந்து இறங்குச்சு, அதுல நல்லா கட்டினதும் இருக்கு, அவசரத்துல மேட்டு (ரெசின்ங்கிற பசைத் திரவத்துல ஊறவச்சு அடுக்குற கண்ணாடி நார் விரிப்பு) ரெண்டு லேயர் கம்மியா போட்டு கட்டினதும் இருக்கு, அந்த வயசுல உள்ள போட்டு இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. வருசா வருசம் கரை ஏத்தி, விரிசல்ல எதையாவது அடைச்சு, மேல பளபளன்னு எனாமல் அடிச்சு இறக்கிடுவாங்க. கொஞ்ச மாசத்துலயே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கிளம்பும், அதே இடத்துல விரிசல் திரும்ப வரும், உடனே பெயிண்ட் கம்பெனிய திட்டுவாங்க. பெரும்பாலும் பெயிண்ட்ல குத்தமே இருக்காது, அதுக்கு அடியில இருந்த தண்ணி, உப்பு, மெழுகு, தூசி இதுல ஏதோ ஒண்ணுதான் வேலைய காட்டியிருக்கும்.

முதல்ல கழுவுற விஷயம். போட்டை கடல் தண்ணியிலயோ இல்ல கரையோரத்து கிணத்து உப்புத் தண்ணியிலயோ கழுவி காயவிட்டு நேரா உப்புத்தாள் தேய்க்கிற சாண்டிங் வேலைய ஆரம்பிக்கிறாங்க. தண்ணி ஆவியா போயிடும், உப்பு அங்கயே நிக்கும், அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா அந்த உப்பு வெளியில இருந்து ஈரத்த இழுக்கும், கொப்புளம் வர்றது அதனாலதான். கடைசி கழுவு நல்ல தண்ணியில இருக்கணும், ரெண்டு குடம் கூட செலவானாலும் பரவாயில்ல. அப்புறம் காயவிடணும். வெளிய தொட்டா காஞ்சிருக்கும், உள்ள மேட்டு ஈரத்தோட இருக்கும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு, ஒரு சதுர அடி கனமான பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டி ஒரு ராத்திரி விட்டுட்டு காலையில பாருங்க, ஷீட்டுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா போட்டு இன்னும் காயல. பழைய போட்டு நல்லா காய வாரக்கணக்குல ஆகும், வெளிப்பக்கம் மட்டும் வெயில் பட்டா பத்தாது, உள்ள தேங்கின தண்ணிய வடிச்சு, மூடியிருக்கிற அறை எல்லாம் திறந்து காத்தோட்டமா வைக்கணும். மிதப்புக்காக வச்ச ஃபோமே தண்ணி குடிச்சு கனத்துப் போயிருந்தா அதை வெட்டி எடுக்காம மேல என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது தட்டிப் பாக்காம வேலைய ஆரம்பிக்கிறது. ஒரு சின்ன சுத்தியலோட பிளாஸ்டிக் பக்கத்தாலயோ கனமான நாணயத்தாலயோ முன்பக்கத்து அணியத்துல இருந்து பின்னால வரைக்கும் தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இடம் கணீர்னு பேசும், லேயர் விட்டுப்போன இடம் தொப்புன்னு செத்த சத்தம் கொடுக்கும், அங்கெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டுடுங்க. அவுட்போர்டு இன்ஜின் மாட்டுற பின் பலகையில உள்ள பிளைவுட்டு மக்கியிருக்கான்னு கண்டிப்பா பாக்கணும், வெளிய ஃபைபர் அழகா இருக்கும், உள்ள மரம் ஊறின பிஸ்கட்டா இருக்கும், ஒரு போல்ட்டை கழட்டினா ஓட்டையில இருந்து பழுப்பு தண்ணி வரும், அப்படி வந்தா பெயிண்ட் பேச்சை அப்புறம் வச்சுக்குவோம், முதல்ல பலகைய மாத்துங்க.

விரிசல பொறுத்தவரை நான் அடிக்கடி பாக்குறது இது. போட்டோட அடியில முதுகெலும்பு மாதிரி ஓடுற ஏரா ஓரமா ஒரு முடி மாதிரி கோடு, அதுல எம்-சீலோ கார் பட்டியோ திணிச்சு தேச்சு விட்டிருப்பாங்க. அதை கிரைண்டர் போட்டு திறந்தா, மேல ஒரு சாண் இருந்த கோடு உள்ள ஒரு முழம் ஓடியிருக்கும், மேட்டோட நாரு வெள்ளையா, பஞ்சு மாதிரி பிரிஞ்சு நிக்கும், விரலால அழுத்தினா கசிஞ்சு வர்ற தண்ணி பிசுபிசுன்னு ஒட்டும், முகந்தா புளிச்ச காடி வாடை அடிக்கும். அந்த வாடை வந்தா ரெசினே தண்ணியில சிதைய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், அந்த மேட்டு பூரா வெளிய வரணும், கெட்டியான பச்சை கலந்த கண்ணாடி நிறம் தெரியிற வரைக்கும் அரைச்சு எடுக்கணும். பாதியில நிறுத்தி மேல ஒட்டுப் போட்டா அழுகின இடத்த மூடி வச்சதுதான் மிச்சம். கடல்ல இருக்கும்போது திடீர்னு கசிஞ்சா எம்-சீல் வச்சு கரை சேர்றது சரி, அது அவசரத்துக்கு, கரைக்கு வந்ததும் எடுத்துடணும். நட்சத்திரம் மாதிரி விரிசல் இருந்தா அந்த இடம் அடி வாங்கியிருக்கு இல்ல உள்ள தாங்கு பலகை இல்லாம வளையுது, உள்பக்கம் பலப்படுத்தாம வெளிய மட்டும் ஜெல் கோட் (ஃபைபருக்கு மேல இருக்கிற நிறப் பூச்சு) பூசினா அடுத்த அலையில அதே நட்சத்திரம் வந்துடும்.

சாண்டிங்ல வரிசை மாறிப்போறது இன்னொரு பெரிய தப்பு. பழைய ஜெல் கோட்டுல மெழுகு, டீசல், மீன் எண்ணெய் எல்லாம் ஊறியிருக்கும். அதை துடைக்காம உப்புத்தாள் போட்டா அந்த பிசுக்கு சுரண்டின கோட்டுக்குள்ள இறங்கிடும், அப்புறம் என்ன துடைச்சாலும் போகாது. முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் ஒரு துணியில அசிட்டோனோ கம்பெனி சொன்ன தின்னரோ நனைச்சு துடைச்சு, அது காயறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால எடுக்கணும், ஒரே துணிய வச்சே தேச்சுக்கிட்டு இருந்தா பிசுக்க இங்கிருந்து அங்க தள்ளுறோம், அவ்வளவுதான். துடைச்ச அப்புறம்தான் சாண்டிங், ஒட்டுப் போடுற இடத்துக்கு 40, 60 நம்பர், பட்டிக்கு 80, பிரைமருக்கு முன்னாடி 120ல இருந்து 180, கடைசி கோட்டுக்கு முன்னாடி 220ல இருந்து 320. மழமழன்னு இருந்தா அழகுன்னு ஒட்டுப் போடுற இடத்தையும் 220 போட்டு தேய்க்கிறவங்க இருக்காங்க, ரெசினுக்கு பிடிக்க சொரசொரப்பு வேணும்.

ஒட்டோட அளவு பத்தி யாரும் கவலைப்படுறதே இல்ல. ஓட்டை உள்ளங்கை அளவுன்னா உள்ளங்கை அளவுக்கே மேட்டு வெட்டி வைக்கிறாங்க, அது ஒரு பெரிய அலையில மூடி கழண்ட மாதிரி வந்துடும். அந்த இடத்து ஃபைபரோட தடிமனுக்கு பன்னிரண்டு மடங்கு தூரத்துக்கு சுத்தியும் சரிவா அரைக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, அதாவது 5 மில்லிமீட்டர் தடிமன்னா ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர் சரிவு. 450 கிராம் மேட்டு ஒரு லேயர் காஞ்சா ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரும், அந்த கணக்குல எத்தனை லேயர்னு பாத்துக்கலாம். மேட்டை கத்திரியால வெட்டாம ஓரத்த கையால பிச்சு எடுத்தா நாரு மெல்லிசா முடியும், ஓரம் மேடு தட்டாது. எல்லா லேயரையும் ஒரே மூச்சுல போடாதீங்க, உள்ள சூடு ஏறி ரெசின் வெடிச்சு விரியும், மூணு நாலு போட்டு சூடு அடங்கினதும் மறுபடி போடுங்க, ஒவ்வொரு லேயருக்கும் இரும்பு ரோலர் உருட்டி காத்தை வெளிய தள்ளணும், வெள்ளையா புள்ளி தெரிஞ்சா அங்க ரெசின் சேரலன்னு அர்த்தம்.

இப்ப சொல்லப்போறத தயவு செஞ்சு நிதானமா படிங்க, ஏன்னா இதுல போறது போட்டு இல்ல, கண்ணு. ஃபைபர் போட்டுக்கு வழக்கமா போடுற பாலியஸ்டர் ரெசினுக்கு, வேகம் கூட்ட கோபால்ட்டும் இறுக வைக்க கேட்டலிஸ்ட்டும் வேணும், இது ரெண்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, கலந்தா சீறி தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசின்ல ஊத்தி நல்லா கலக்கிட்டு, வேலை ஆரம்பிக்கிற நேரத்துலதான் கேட்டலிஸ்ட்டை ஊத்தணும், ரெண்டுக்கும் ஒரே மூடி, ஒரே குச்சி பயன்படுத்தக் கூடாது. இப்ப கடையில கோபால்ட் ஏற்கனவே கலந்த ரெசினும் கிடைக்குது, வாங்கும்போது கேட்டுக்கோங்க. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணுல தெறிச்சா பார்வையே போகலாம், அதனால கண்ணாடி போடாம பாட்டிலை திறக்காதீங்க, தெறிச்சுட்டா அந்த நிமிசமே நல்ல தண்ணிய கால் மணி நேரத்துக்கு குறையாம ஊத்தி கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், கழுவாம வண்டி தேடிட்டு நிக்கக் கூடாது. கேட்டலிஸ்ட் நனைஞ்ச துணிய சுருட்டி மூலையில போட்டா அது தானா பத்திக்கும், தண்ணியில நனைச்சு தனியா போடுங்க.

அளவும் அதே மாதிரி. சோடா மூடியில குத்துமதிப்பா ஊத்துறது நம்ம பக்கம் சகஜம். ஒரு கிலோ ரெசினுக்கு 10ல இருந்து 20 கிராம் கேட்டலிஸ்ட், நம்ம சித்திரை வெயிலுக்கு 10 பக்கத்துலயே போதும். வெயில் ஜாஸ்தியா இருக்கேன்னு 5 கிராமோட நிறுத்தினா அது மேல இறுகின மாதிரி தெரியும், உள்ள என்னைக்கும் முழுசா இறுகாது, அந்த ஒட்டு தண்ணிய குடிச்சுக்கிட்டே இருக்கும். அளவ குறைக்கிறதுக்கு பதிலா பந்தல் போட்டு நிழல்ல செய்யுங்க, சின்ன சின்னதா கலந்துக்கோங்க, முதல்ல ஒரு பேப்பர் கப்புல கலந்து எத்தனை நிமிசத்துல கட்டியாகுதுன்னு பாத்துட்டு வேலையில இறங்குங்க. ரெசினுக்கும் வயசு உண்டு, தகர கொட்டகை சூட்டுல போன வருசத்துல இருந்து கிடக்குற டின்ன நம்பி அடிப்பாகத்துல கை வைக்காதீங்க. தண்ணிக்கு கீழ போற இடத்துக்கு சாதாரண ஜிபி (பொது உபயோக) ரெசின விட ஐசோ (ஐசோப்தாலிக்) ரெசின் தண்ணிய நல்லா தாங்கும், விலை வித்தியாசத்த பாத்து யோசிக்க வேண்டாம்.

பாலியஸ்டருக்கு பதிலா எப்பாக்ஸிங்கிற இன்னொரு வகை ரெசின் போடுறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. பழைய பாலியஸ்டர் மேல எப்பாக்ஸி அருமையா பிடிக்கும், ஆனா எப்பாக்ஸி மேல பாலியஸ்டர நம்ப முடியாது, அதனால ஒரு இடத்துல எப்பாக்ஸி ஆரம்பிச்சா அதுலயே முடிங்க. சாதாரண மேட்டுல நாரை பிடிச்சு வைக்கிற பசை பாலியஸ்டர்ல இருக்கிற ஸ்டைரீன்ங்கிற கரைப்பான்லதான் கரையும், எப்பாக்ஸியில விறைப்பாவே நிக்கும், அதுக்கு தையல் போட்ட துணி வகை வாங்கணும். எப்பாக்ஸி இறுகின அப்புறம் மேல மெழுகு மாதிரி ஒரு படலம் நிக்கலாம், அதை தண்ணியும் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் வச்சு கழுவிட்டுதான் சாண்டிங். தெர்மாகோல் மேல பாலியஸ்டர் ரெசின ஊத்தினா தெர்மாகோல் கரைஞ்சே போயிடும், மிதப்பு அறைய அடைக்கும்போது இதை மறந்து உள்ள வெறும் பள்ளமா ஆன போட்டுகளும் உண்டு.

கார் டிங்கரிங் கடையில பயன்படுத்துற பட்டி தண்ணிக்கு மேல சின்ன குழிக்கு ஓகே, கீழ வேண்டாம், அது ஈரத்த உறிஞ்சும், எப்பாக்ஸி பட்டிதான் சரி. சிலிகான் சீலன்ட்ட போட்டுக்கு பக்கத்துலயே கொண்டு வராதீங்க, அது பட்ட இடத்துல பெயிண்ட் ஒதுங்கி மீன் கண்ணு மாதிரி வட்டம் விடும்.

பெயிண்ட்னு வந்தா கேட்டுக்கு அடிக்கிற எனாமல தண்ணிக்கு கீழ அடிக்கிறது வீண் செலவு, கொஞ்ச நாள்ல மெதுவாகி உரியும். ரெண்டு டின் கலக்குற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் மேல்பக்கத்துக்கு ரொம்ப நல்லது, ஆனா அதுவும் எப்பவும் தண்ணியில ஊறுறதுக்கு செஞ்சது இல்ல. அதை ஸ்பிரே பண்ணும்போது வர்ற புகை நுரையீரல கெடுக்கும், ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போகும், முகத்துல கட்டின துண்டு எதையும் தடுக்காது, முறையான மாஸ்க் இல்லைன்னா ரோலரும் பிரஷ்ஷும் வச்சே அடிங்க. காலையில பனி ஈரம் போனதும் ஆரம்பிச்சு, கடக்காத்து மண்ணை தூக்கறதுக்கு முன்னாடி முடிக்கப் பாருங்க, சாயங்காலம் அடிச்சா ராத்திரி ஈரம் இறங்கி பளபளப்பு மங்கிடும்.

பாசி, கொட்டலசு (அடியில ஒட்டி வளர்ற ஓட்டு உயிரி) பிடிக்காம இருக்க ஆன்டிஃபவுலிங் பெயிண்ட் அடிக்கிறதுல ஒரு விஷயம். துறைமுகத்துலயோ முகத்துவாரத்துலயோ தண்ணியிலயே கட்டி கிடக்குற போட்டுக்குதான் அது வேணும். தினமும் மணல்ல இழுத்து ஏத்துற போட்டுக்கு அந்த காச வச்சு ஏராவுல ரெண்டு மூணு லேயர் மேட்டும் ரோவிங்கும் (கனமா நெய்த கண்ணாடி நார் துணி) கூட போடுங்க, ஏன்னா அங்க எதிரி கொட்டலசு இல்ல, மணல். செம்பு கலந்த ஆன்டிஃபவுலிங் அவுட்போர்டோட அலுமினிய கால்ல படக் கூடாது, அலுமினியம் அரிச்சுப் போயிடும். பழைய ஆன்டிஃபவுலிங்க காஞ்ச நிலையில தேய்க்காதீங்க, அந்த தூசி விஷம், தண்ணி விட்டு தேய்ங்க, வழியிற சேத்த தார்ப்பாயில பிடிச்சு தனியா எடுங்க. தகரம் கலந்த பழைய டிபிடி வகை 2008லயே உலக அளவுல தடை ஆயிடுச்சு, எங்கயாவது பழைய டின் மலிவா கிடைக்குதுன்னா தொடாதீங்க.

பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பதிவு எண்ணை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, திரும்ப எழுதும்போது ஒரு எழுத்து மாறினாலும் கடல்ல சோதனையில சிக்கல், நிறத்துக்கும் விதி இருக்கிறதால மீன்வளத்துறை ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுட்டு டின் வாங்குங்க. பெயிண்ட் காஞ்சப்புறம் எதையாவது மாட்ட துளை போட்டா அந்த துளையோட உள் ஓரத்துக்கும் ரெசின் தடவுங்க, வெட்டுப்பட்ட மேட்டு வழியாத்தான் தண்ணி திரும்ப உள்ள போகுது. பியூ பெயிண்ட் தொட்டா ஒரு நாள்ல காஞ்சிடும், முழுசா இறுக ஒரு வாரம் ஆகும், அதுக்குள்ள வலைய ஏத்தி கயிறு போட்டு இழுத்தா கோடு கோடா வழண்டு வரும், அந்த ஒரு வாரம் போட்டை பந்தலுக்கு கீழயே விட்டுடுங்க.