பழைய செஸ்னாவில் புது ரேடியோ: ஒயரிங்கை மாற்றுவது எப்படி?

1970களில் வந்த செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றின் பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஐம்பது வருடக் குடித்தனம் அங்கே தொங்கும். ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு ரேடியோவை வைத்திருப்பார், ஒன்றைக் கழற்றியிருப்பார். பெட்டி போயிருக்கும். அதன் ஒயர் மட்டும் நுனி வெட்டி, டேப் சுற்றி, அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் போக்குவரத்து மிகுந்த வான்பகுதிகளில் ஏடிஎஸ்-பி அவுட் (விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏற்பாடு) கட்டாயமானது. அதையொட்டிப் பழைய விமானங்கள் பலவற்றுக்குப் புது டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடாருக்குப் பதில் சொல்லும் ரேடியோ, வந்தது. புதுப் பெட்டி வாங்கும்போதே ஒயரையும் மாற்றிவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பேனல் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் அந்த நாள் திரும்ப வராது.

முதலில் சட்டம். சான்றிதழ் பெற்ற விமானத்தில் இந்த வேலையை நீங்களாகச் செய்து முடித்துவிட முடியாது. அமெரிக்க விதிப்படி, உரிமம் பெற்ற மெக்கானிக் அருகில் இருந்து மேற்பார்வை பார்த்தால் நீங்கள் கை வைக்கலாம், கையெழுத்து அவருடையது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.சி. 43.13-1பி கையேட்டின் 11ஆம் அத்தியாயம் முழுக்க மின் வேலைதான். இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்குரூடிரைவரைத் தொடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

பழைய ஒயரில் என்ன கோளாறு? அந்தக் காலத்து ஒயர்களில் பெரும்பாலும் பி.வி.சி. உறை இருக்கும். வருடக்கணக்கில் வெயிலும் குளிரும் பட்டு அது இறுகிப்போகும், வளைத்தால் விரிசல் விடும். தீப்பிடித்தால் அரிக்கும் நச்சுப்புகை வரும், நான்கு பேர் உட்காரும் கேபினில் அந்தப் புகைக்குப் போக இடமில்லை. 1998 செப்டம்பர் 2 அன்று 229 பேரைப் பலிகொண்ட ஸ்விஸ்ஏர் 111 பெரிய விமானம்தான். ஆனால் காக்பிட் பக்கத்துக் கூரைக்கு மேலே ஒயரில் எழுந்த மின்பொறியே தீக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று கனடா விசாரணைக் குழு சொன்னதை ஒயரைத் தொடும் யாரும் மறக்கக் கூடாது.

புதிதாகப் போட வேண்டியது டெஃப்செல் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும் எம்22759/16 ரக ஒயர். 150 டிகிரி செல்சியஸ், 600 வோல்ட் வரை தாங்கும். உறை மெல்லியது, எடையும் குறைவு. வீட்டு ஒயர் வேண்டவே வேண்டாம். ஒற்றைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும்.

படி 1: அடையாளம் வையுங்கள்

பேட்டரியைக் கழற்றுங்கள், நெகட்டிவ் முனை முதலில். கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையையும் கண்டுபிடித்துச் சீட்டு ஒட்டுங்கள். மல்டிமீட்டரின் பீப் சத்தம்தான் சாட்சி, நிறத்தை நம்பாதீர்கள். நான் முதல் தடவை உதவிக்குப் போன விமானத்தில், செத்த ஒயர் என்று நினைத்து ஒன்றை வெட்டப் போனேன். மெக்கானிக் கையைப் பிடித்து நிறுத்தினார். அது பெட்ரோல் அளவு காட்டும் மானிக்குப் போகிற ஒயர். இந்தப் படிக்கு ஒரு முழுநாள் ஆனாலும் ஆகட்டும்.

படி 2: செத்ததை முழுதாக எடுங்கள்

பேனல் பக்கம் வெட்டிவிட்டு மறுமுனையை அப்படியே விடும் பழக்கம்தான் இந்தக் குப்பைக்கே காரணம். மின்சாரம் மிகுந்தால் துண்டிக்கும் பிரேக்கரிலிருந்து கடைசி முனை வரை உருவி எடுங்கள். இறுக்கமாக இருந்தால் இழுக்காதீர்கள், பக்கத்து ஒயரின் உறை கிழியும். கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொன்றாக விடுவியுங்கள். எடுத்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு எடை பாருங்கள், அந்தக் கணக்கு பின்னால் வேண்டும்.

படி 3: எந்தக் கனம்?

பிரேக்கர் காப்பாற்றுவது ஒயரை, ரேடியோவை அல்ல. அதனால் பிரேக்கர் அளவு ஒயரைப் பொறுத்தது. ஒயரின் கனத்தைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள், எண் குறைந்தால் ஒயர் கனம். ஏ.சி. 43.13 அட்டவணைப்படி 22 கேஜுக்கு 5 ஆம்பியர், 20 கேஜுக்கு 7.5, 18 கேஜுக்கு 10. இதோடு வோல்ட் இழப்பையும் பார்க்க வேண்டும். 14 வோல்ட் விமானத்தில் தொடர்ந்து ஓடும் கருவிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு கூடாது.

ஒரு கணக்கு. 22 கேஜ் ஒயரின் மின்தடை அடிக்கு ஏறக்குறைய 0.016 ஓம். 8 அடி நீளத்தில் 5 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் 0.64 வோல்ட் காணாமல் போகும். பிரேக்கர் ஒத்துக்கொண்டாலும் இது தேறாது. 20 கேஜுக்கு மாறினால் இழப்பு 0.4 வோல்ட், சரி. கருவித் தயாரிப்பாளரின் நிறுவல் கையேடு இதைவிடக் கனமான ஒயரைச் சொன்னால் அதுவே கடைசி வார்த்தை.

படி 4: கிரிம்ப்

கிரிம்ப் என்பது ஒயரின் நுனியை உலோகப் பின்னுக்குள் வைத்து நசுக்கிப் பிடிக்க வைப்பது. உங்கள் நேரமும் பணமும் அதிகம் போக வேண்டிய இடம் இது. புதுக் கருவிகளின் பின்பக்க டி-சப் கனெக்டர்களில் சிறு பின்கள் இருக்கும். அவற்றுக்கு எம்22520/2-01 ரகக் கிரிம்ப் கருவி வேண்டும். விலை அதிகம்தான். வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள், மட்டக் கருவியால் நசுக்காதீர்கள். ஏன் சால்டர் கூடாது என்று கேட்பார்கள். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கும். விறைப்பு முடிகிற இடத்தில், எஞ்சின் அதிர்வில், ஒயர் ஒடியும்.

உறையை உரிக்கும்போது ஓர் இழை அறுந்தாலும் நுனியை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். பின்னின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. ஒயரை நுழைத்த பிறகு அதில் செம்பிழை தெரிய வேண்டும். கிரிம்ப் கருவி முழுதாக அழுந்தினால்தான் விடும், பாதியில் திறக்காது. அமுக்கிய பிறகு ஒயரை நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் இப்போதே கழலட்டும். நிஜ ஒயரைத் தொடும் முன் இருபது முப்பது பின்களை வீணாக்கிப் பழகுங்கள்.

படி 5: பாதை

விமானத்தை இயக்கும் கண்ட்ரோல் கேபிள்களிலிருந்து குறைந்தது 3 அங்குலம் தள்ளி ஒயரைக் கொண்டுபோங்கள். பெட்ரோல் குழாய்க்கு மேலே போனால் 6 அங்குலம் இடைவெளி விடப் பாருங்கள், குழாய்க்குக் கீழே போக விடாதீர்கள். கசிவு கீழேதான் சொட்டும். 24 அங்குலத்துக்குள் ஒரு கிளாம்ப் இருக்கட்டும். இரண்டு கிளாம்ப்களுக்கு நடுவே விரலால் லேசாக அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவு தளர்வு போதும். உலோகத் தகட்டின் துளையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். பிளாஸ்டிக் கட்டுகளின் வாலைச் சாய்வாக வெட்டினால் அடுத்த ஆண்டு ஆய்வுக்குக் கையை உள்ளே விடுபவரின் முழங்கை கிழியும். ஓரத்தோடு ஒட்ட நேராக வெட்டுங்கள்.

படி 6: ஷீல்டும் எர்த்தும்

ஹெட்போனில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு முனகல் கேட்டால் சந்தேகப்பட வேண்டியது இங்கேதான். ஆடியோ ஒயரைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், கையேடு வேறு சொல்லாதவரை. ஓர் எர்த் போல்ட்டில் நான்கு வளைய முனைகளுக்கு மேல் அடுக்காதீர்கள். அடியிலுள்ள பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பான உலோகம் தெரிய வையுங்கள். டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனாவுக்குப் பழைய ஆர்.ஜி.-58 கேபிள் போயிருந்தால் இரட்டை ஷீல்டு உள்ள ஆர்.ஜி.-400 போடுங்கள். 1090 மெகாஹெர்ட்ஸில் வேறுபாடு தெரியும்.

படி 7: பெட்டியை மாட்டும் முன்

பெட்டிகளைச் செருகும் எல்லா டிரேயும் காலியாக இருக்கும்போதே பேட்டரியை இணைத்து, ஒவ்வொரு பிரேக்கராக அமுக்கி, கனெக்டரின் ஒவ்வொரு பின்னையும் மீட்டரால் தொட்டுப் பாருங்கள். மின்சாரம் வர வேண்டிய பின்னில் வருகிறதா? வரக் கூடாத பின்னில் வரவில்லையே? இரண்டும் முக்கியம். ஒரு பின் இடம் மாறியிருந்தால் பல ஆயிரம் டாலர் கருவி ஒரு நொடியில் போய்விடும்.

அப்புறம் கருவிகளை மாட்டி, எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். மொத்தத் தொடர் சுமை ஆல்டர்நேட்டர் திறனில் 80 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று கூட்டுங்கள், 60 ஆம்பியர் என்றால் 48. டிரான்ஸ்பாண்டர் சோதனையும் வேண்டும். உயரமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஸ்டாட்டிக் குழாயைப் பிரித்திருந்தால் கசிவுச் சோதனையும். பேனலில் மின்னோட்டம் மாறியதால் திசைகாட்டியைத் திரும்பச் சரிபார்த்துப் புதுத் திருத்த அட்டை எழுத வேண்டும். பையில் போட்டு எடை பார்த்தீர்களே, அந்த எண்ணும் புதுக் கருவிகளின் எடையும் எடைச் சமநிலைக் கணக்கில் ஏறும். கடைசியாக, எந்த ஒயர் எந்தப் பின்னிலிருந்து எந்தப் பிரேக்கருக்குப் போகிறது என்று வரைந்து, தேதி போட்டு, விமானத்தின் பதிவேட்டுக்குள் வையுங்கள்.