புளோக்குக் கீழே ஓர் அவசர அலமாரி: முதன்முறையாகத் தயார் செய்பவர்களுக்கு

சிங்கப்பூரில் நான் முன்பு குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் ஓர் இரவு மின்சாரம் போனது. கீழ்த்தளத்தில் இருந்த வசிப்போர் குழு அறையில் அவசர அலமாரி ஒன்று உண்டு. சாவி மட்டும் ஒருவரிடம்தான். அவர் அன்று சென்னையில் இருந்தார். மறுநாள் திறந்து பார்த்தால், டார்ச் லைட்டுக்குள்ளேயே பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி கட்டி, ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்திருந்தது. இப்போது இருக்கும் புளோக்கில் அலமாரியை முதலிலிருந்து அமைத்தோம். அதை எப்படிச் செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் ஆள்கள்

கடைக்குப் போகாதீர்கள். இரண்டு மாலை நேரம் ஒதுக்கி, மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டுங்கள். தனியாக வாழும் முதியவர் யார், சக்கர நாற்காலி எந்த வீட்டில், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரம் யாரிடம் என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் முதலில் தட்ட வேண்டியது அந்த ஆக்சிஜன் வீட்டுக் கதவைத்தான். பட்டியலைக் காகிதத்தில் எழுதி அலமாரிக்குள்ளேயே பூட்டி வையுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் பட்டியலும் போய்விடும்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மொழியையும் எழுதுங்கள். எங்கள் ஏழாம் மாடிப் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டு மலாய் அக்கா பாசமாகத்தான் பழகுவார். ஆனால் "புகை வருகிறது, கீழே வாங்க" என்பதை அவரால் பாட்டிக்குப் புரியவைக்க முடியாது. அதனால் ஆறாம் மாடியில் இருக்கும் தமிழ்த் தம்பியின் எண்ணைப் பாட்டியின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

படி 2: இடமும் சாவியும்

கனமழையில் திடீர் வெள்ளம் வரும் ஊர் இது. கீழ்த்தள அறை என்றால் முழங்கால் உயரத்துக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். மூன்று சாவிகள் செய்து, வெவ்வேறு மாடிகளில் இருக்கும் மூன்று பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது பகலில் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும்.

படி 3: பொருள்கள்

டார்ச் லைட்டுகள், தலையில் மாட்டும் விளக்கு இரண்டு. பேட்டரியைத் தனி டப்பாவில் வையுங்கள், விளக்குக்குள் போட்டு வைக்காதீர்கள். 2018 செப்டம்பர் 18 அதிகாலை ஏறக்குறைய 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போய், 38 நிமிடங்களில் முழுவதும் திரும்பியது. அந்தக் கொஞ்ச நேர இருட்டில் ஒரு முதியவர் கழிவறையில் விழாமல் இருக்க ஒரு விளக்கு போதும்.

கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, முதலுதவிப் பெட்டி, குடிநீர்ப் போத்தல்கள், பேட்டரியில் ஓடும் வானொலி, பவர் பேங்க். இவற்றோடு நுண்துகள்களைத் தடுக்கும் என்95 முகக்கவசம். 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டத்தால், காற்று மாசு கூடக் கூட உயரும் காற்றுத்தூய்மைக் குறியீடு 401ஐத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் கடை கடையாக அலைய முடியாது.

அப்புறம், ஒரு நல்ல கயிறு. 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் பகுதியில் சாலை உள்வாங்கி ஒரு பெண் ஓட்டிவந்த கார் பள்ளத்தில் விழுந்தபோது, அருகில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் கயிறு போட்டுத்தான் அந்தப் பெண்ணை மேலே இழுத்தார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அந்தச் செய்தியைப் படித்த வாரமே நான் கயிறு வாங்கிவிட்டேன்.

மெழுகுவர்த்தி, கேஸ் அடுப்பு, மின்சைக்கிள் பேட்டரி மூன்றும் இந்த அறைக்குள் வரவே கூடாது.

படி 4: இதய மீட்புக் கருவி

இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும், ஏஇடி எனப்படும் அந்தக் கருவியை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில், மின்தூக்கி அருகே சுவரில் மாட்டியிருப்பார்கள். உங்களுக்குரியது பக்கத்து புளோக்கில் இருக்கலாம். ஒருமுறை நடந்து போய்ப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். இதயம் நின்றவருக்கு உதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது.

ஒருவர் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கட்டும், ஒருவர் கருவியை எடுக்க ஓடட்டும், மூன்றாமவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. பொம்மையின் மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் தேவை என்பது தெரியும். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவைகளைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை குடியிருப்பாளர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. மூன்று சாவிக்காரர்களையும் முதலில் அனுப்புங்கள். மைரெஸ்பாண்டர் செயலியையும் அவர்கள் பதிவிறக்கட்டும். அருகில் யாருக்காவது இதயம் நின்றால் அது தகவல் அனுப்பும்.

படி 5: ஆண்டுக்கு இரண்டு முறை திறப்பது

பிப்ரவரி 15, செப்டம்பர் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாள். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள். அன்று மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிக்கும். சங்கு கேட்டதும் கீழே இறங்கி அலமாரியைத் திறவுங்கள். பேட்டரியை விளக்கில் போட்டு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்து வையுங்கள். காலாவதித் தேதிகளைப் பாருங்கள். பவர் பேங்க்கை மட்டும் மாதம் ஒருமுறை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள்.

கடைசியாகப் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறுங்கள். யாராவது வீடு மாறியிருப்பார்கள், யாருக்காவது புதிதாக முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கும். ஏழாம் மாடிப் பாட்டி போன முறை என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தம்பி வேறு புளோக்குக்கு மாறிவிட்டதையும் அவர்தான் சொன்னார். இப்போது அந்த இடத்தில் என் எண் இருக்கிறது.