குழந்தை ஆய் போகவில்லையா? அந்த வெற்றிலைக் காம்பைக் கீழே வையுங்கள்

கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போக ஆரம்பித்து 17 வருடம் ஆகிறது. பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டில் கால் வைத்ததும் குழந்தையின் துணியைத்தான் முதலில் விரித்துக் காட்டுவார்கள். "நர்ஸம்மா, இந்தக் கலர் சரிதானா?" போன வாரம் போன வீட்டில் ஒன்பது வாரக் குழந்தை, ஆறு நாளாக ஆய் போகவில்லை. பாட்டியின் கையில், ஆசனவாயில் வைக்க விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு. எனக்கு மனசு பதறிவிட்டது. அதே காம்பைக் கையில் பிடித்தவள் நான்.

கை கழுவுவது, துணியை வெயிலில் காயப்போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை. குழந்தையின் மலத்தைப் பார்த்து வீடுகளில் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாட்களை எண்ணி மலச்சிக்கல் என்று முடிவு கட்டுவது

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை முதல் மாதத்தில் பால் குடிக்கக் குடிக்கப் போகும். ஒரு நாளைக்கு 8, 10 தடவைகூட உண்டு. ஆறு வாரம் தாண்டியதும் பல குழந்தைகளுக்கு இது சட்டென்று மாறிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை, ஐந்து நாளைக்கு ஒருமுறை; சில குழந்தைகள் ஒரு வாரத்துக்கு மேலும் போகாது. சீம்பாலுக்குக் குடலை இளக்கும் குணம் உண்டு, அது அதற்குள் நின்றிருக்கும். பின்னால் சுரக்கிற பால் கிட்டத்தட்ட முழுக்க உடம்பில் ஒட்டிவிடுவதால், வெளியேற மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்த மாற்றம் வரும் என்று பிரசவமான பெண்ணிடம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான்.

என் மூத்தவளுக்கு அப்போது 57 நாள். ஐந்து நாளாகப் போகவில்லை. முகம் சிவக்க முக்குவாள், அழுவாள். அம்மா காம்பை வைத்தார்கள். இரண்டு நிமிடத்தில் போய்விட்டாள். தோசை மாவு பதத்தில் மஞ்சளாக இருந்தது. அந்தப் பதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மலச்சிக்கலில் வருவது ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டியாக, உருண்டையாக இருக்கும். எனக்கு அப்போது நிம்மதிதான் தெரிந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை காம்பு என்று ஆகிவிட்டது. நான்காவது தடவை வெள்ளைத் துணியில் நூல் மாதிரி ஒரு ரத்தக் கோடு. ஆசனவாயில் கீறல்.

அதோடு முடியவில்லை. "உனக்குப் பால் பத்தலை, வயிற்றில் ஏதாவது இருந்தால்தானே வெளியே வரும்" என்றார்கள் வீட்டில். பால் பவுடர் டின் வாங்கினோம். இரண்டு பாட்டில் கொடுத்தால் இரண்டு வேளை மார்பில் குடிக்க மாட்டாள். குடிக்காத மார்பு சுரக்காது. நான்காம் மாதத்தில் பால் நின்றே போனது. பவுடர் பாலில் மலம் இறுகி, இல்லாத மலச்சிக்கல் உண்மையாகவே வந்து சேர்ந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வேலை என்னுடையது. என் பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடியவில்லை.

முக்கி அழுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயிற்றை அழுத்தும்போதே ஆசனவாயைத் தளர்த்தவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யக் குழந்தைக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். பத்து, இருபது நிமிடம் முக்கி அழுது, இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கலே இல்லை. காம்பு, சோப்புத் துண்டு, தெர்மாமீட்டர் என்று எதையாவது வைத்துப் பழக்கினால், தானாகப் போகக் கற்றுக்கொள்வது இன்னும் தள்ளிப்போகும்.

அந்த ஒன்பது வாரக் குழந்தையைத் துணியில் போட்டுத் தராசில் தூக்கினேன். பிறக்கும்போது 2.9 கிலோ, இப்போது 4.7. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர். வயிறு மெத்தென்று இருந்தது, பார்த்துச் சிரித்தது. "இவனுக்கு ஒன்றும் இல்லை பாட்டி, காம்பைக் கீழே வையுங்கள்" என்றேன். பாட்டிக்கு மனசே இல்லை. எட்டாம் நாள் குழந்தையின் அம்மா போன் பண்ணினாள்: "அக்கா, முதுகு வரைக்கும் போயிட்டான்!"

வயிறு உப்பிக் கல் மாதிரி இருந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ இந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது. உடனே டாக்டரிடம் போங்கள்.

இதையே முதல் மாதக் குழந்தைக்கும் சொல்வது

இது ஆபத்து. பிறந்து 48 மணி நேரத்துக்குள் கறுப்பாக, தார் மாதிரி ஒட்டுகிற காட்டுப்பீ போயாக வேண்டும். போகாவிட்டால் குடலில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, நான்காம் நாளில் பச்சை கலந்து வரும். ஐந்தாம் நாள் வாக்கில் கடுகு விழுது மாதிரி மஞ்சளாக, விதைவிதையாக, தினமும் மூன்று நான்கு முறையாவது போக வேண்டும். அப்போதும் கறுப்பாகவே இருந்தால், அல்லது போவதே அரிது என்றால், பால் போதுமான அளவு உள்ளே போகவில்லை என்று சந்தேகப்படுங்கள். குழந்தை மார்பைக் கவ்வுகிற விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், எடை போடுங்கள்.

"பேதியாகுது" என்று பாலை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். இளக்கமாக, அடிக்கடி போவது தாய்ப்பால் குழந்தையின் இயல்பு. அம்மா கத்திரிக்காய் சாப்பிட்டதால் வந்தது என்று அவள் சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். வழக்கத்தைவிடத் திடீரென்று பல மடங்கு, வெறும் தண்ணீராக, துர்நாற்றத்தோடு போனால் அது பேதி. டாக்டரிடம் போகும் வழியிலும் பால் கொடுங்கள்.

பச்சையாகப் போனால் மாந்தம் என்று உரை மருந்து, வசம்பு

வேண்டாம். சிரித்து விளையாடி எடை ஏறுகிற குழந்தைக்குப் பச்சை ஒரு நோயே அல்ல.

டயப்பரை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவது

நீரை அது உறிஞ்சிவிடும்; மலம் கெட்டியாகத் தெரியும், சிறுநீர்க் கணக்கும் தப்பும். ஒரு நாள் துணி கட்டிப் பாருங்கள்.

ரத்தத்தைச் சூடு என்று தள்ளிவிடுவது

கீறலாக இருக்கலாம். அம்மாவின் மார்புக் காம்பு வெடித்து அந்த ரத்தத்தை விழுங்கியிருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். எதுவென்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வெளுத்த மலத்தைப் பார்த்தும் காத்திருப்பது

மஞ்சள், பச்சை, பழுப்பு எல்லாம் பித்தநீர் தருகிற நிறம். மலம் சுண்ணாம்பு மாதிரி, களிமண் மாதிரி வெளுத்திருந்தால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை. பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு ஆபரேஷன் உண்டு. ஆனால் குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால்தான் பலன் அதிகம். இரண்டு வாரம் கடந்தும் கண் மஞ்சளாக இருந்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும். "வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்" என்று ஒரு மாதத்தைப் போக்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும்; துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்திருந்தால் துவைக்காமல், அந்தத் துணியோடே ஆஸ்பத்திரிக்குப் போய், டைரக்ட் பிலிருபின் (பித்த அடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.